பொட்டில் நின்ற ஃபோகஸ்

கையால் ஃபோகஸ் திருப்புவது நல்லதா, கேமராவையே பிடித்துக்கொள்ள விடுவது நல்லதா என்று புதிதாக ஸ்டூடியோ வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். கேட்கிற விதத்திலேயே பதிலையும் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள். இந்தக் குளுவாங் ஊரில் நாற்பது வருஷம் முகம் எடுத்தவள், கையால்தான் என்று சொல்வாள் என்று நினைக்கிறீர்கள். சொல்லியிருப்பேன். தனம் என்கிற பெண்ணை எடுத்த நாள் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் சத்தமாக.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கேமராவோடு பெட்டியில் வரும் புத்தகத்தை ஒரு நாளும் படித்ததில்லை. படிக்க வராது என்பது உண்மை. தேவைப்படவில்லை என்பதும் உண்மை. முகத்தைப் பார்ப்பேன், லென்ஸின் வளையத்தைத் திருப்புவேன், அழுத்துவேன். குளுவாங்கிலிருந்து மெர்சிங் வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் நான் எடுத்த முகங்கள் தொங்குகின்றன. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்கென்று ஒரு வழி இருந்தது. நம் பெண்கள் வந்து உட்கார்ந்தால் நான் கண்ணில் ஃபோகஸ் வைக்க மாட்டேன். பொட்டில் வைப்பேன். கண் சிமிட்டும், நீர் கட்டும், விளக்கு அதில் மின்னி ஏமாற்றும். பொட்டு அப்படியில்லை. நெற்றியில் ஒரே இடத்தில் இருக்கும், விளிம்பு வெட்டினாற்போல் தெரியும். அது தெளிந்தால் முகமும் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். ஃபிலிம் காலத்தில் லென்ஸின் வாயை நன்றாகச் சுருக்கி வைத்துத்தான் எடுப்போம். மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் எல்லாமே தெளிவாக விழும். அதனால் பொட்டில் வைத்தாலும் கண் தப்பாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகப் பிடித்தது. அதனாலேயே அதன் மேல் அவ்வளவு பிடிவாதம்.

பிறகு எங்கள் முதலாளி குணா பெரிய கேமராவை வாங்கி வந்தார். மீடியம் ஃபார்மட் டிஜிட்டல். அப்பா நடத்திய கடையை எடுத்து நடத்துகிறவர், என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். ஒரு முகத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் வசதியும் அதில் இருந்தது. அதைக் கற்றுக்கொண்டவள் ஆயிஷா. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவளுடையது. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாயை மூடத் தெரியாதவள்.

"அக்கா, இது கண்ணத் தானாப் புடிச்சிக்கும். நீங்க சும்மா அமுக்குனா போதும்."

"எந்தக் கண்ண?"

"கிட்ட இருக்குற கண்ண."

"கிட்ட இருக்குற கண்ணுதான் வேணும்னு அதுகிட்ட யாரு சொன்னா?"

"அலமாக், அக்கா கூடப் பேசி ஜெயிக்க முடியுமா லா."

ஒரு முறை கல்யாணப் பெண் ஒருத்தியை எடுக்கும்போது, அந்த வசதி கண்ணை விட்டுவிட்டு மூக்குத்திக் கல்லைப் போய்ப் பிடித்துக்கொண்டது. மூன்று படம் வீணாயிற்று. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு ஆயிஷாவை நான் சும்மா விடவில்லை. உன் மெஷினுக்கு நகை ஆசை அதிகம் என்பேன்.

தனம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். பக்கத்து ஊர் ரெங்கத்தில் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துகிறவர், ஐம்பத்து நான்கு வயது. கூட மகள் கவிதா. வலது தாடையில் எலுமிச்சை அளவு வீக்கம். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் பேசாமல் இருக்கிறவர் இல்லை.

"அக்கா, நாளைக்குக் காலையில ஆப்பரேஷன். இந்தப் பக்கத் தாடைய எலும்போட எடுத்துருவாங்க. நாக்கும் கொஞ்சம் போவுமாம். கால் எலும்புல கொஞ்சம் வெட்டி இங்க வச்சிக் கட்டுவாங்களாம். கால வச்சு மூஞ்சி செய்றாங்க, பாத்தீங்களா."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, ரெண்டு மணிக்குள்ள வார்டுல இருக்கணும். ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும்."

"இரும்மா." தனம் என் பக்கம் திரும்பினார். "கல்யாணப் போட்டோவுல தலையக் குனிஞ்சுகிட்டே இருந்துட்டேன். ஐசி அட்டையில இருக்குற மூஞ்சி நான் இல்ல, யாரோ திருடி. என் மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு எனக்கு ஒரு படம் வேணும். மூஞ்சி எவ்ளோ பெருசோ அவ்ளோ பெருசா. என் ரூம்புல மாட்டறதுக்கு. வேற யாருக்கும் இல்ல, எனக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல முகம். இடது கண்ணின் வெள்ளையில் மிளகுத் துகள் மாதிரி ஒரு பழுப்புப் புள்ளி. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போகும். அழுத்தியவுடன் படம் பெரிய திரையில் வந்து நிற்கும். முதல் படம் வந்தது. தனம் அதைப் பார்த்தார், வீக்கத்தைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது.

"ஒயரப் புடுங்கு" என்றேன் ஆயிஷாவிடம்.

"ஸ்க்ரீன அந்தப் பக்கம் திருப்பிடறேன் அக்கா. ஒயர் இருக்கட்டும், ஃபோகஸ் நான் பாத்துச் சொல்லணும்ல."

"நாப்பது வருஷமா நீயா பாத்துச் சொன்ன? என் கண்ணு போதும். புடுங்கு."

"அப்ப ஆட்டோலயாவது போடுங்க."

"புடுங்குன்னு சொன்னேன்."

பிடுங்கினாள். நான் என் வேலையைச் செய்தேன். தாடையைக் கீழே இறக்கச் சொல்லி லேசாகத் திருப்பினேன், வீக்கம் நிழலுக்குள் போயிற்று. மிச்சமிருந்ததும் மங்கி விழட்டும் என்று லென்ஸை முழுக்கத் திறந்தேன். பொட்டைப் பார்த்து வளையத்தைத் திருப்பினேன். கேன்டீனில் பிள்ளைகள் கடன் சொல்லித் தின்றுவிட்டு ஓடுவதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன், தனத்துக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. இருபத்தெட்டுப் படம். கேமரா முதுகில் இருக்கும் சின்னத் திரையில் எல்லாம் அருமையாக இருந்தது. பதினொரு மணிக்குக் கார் ஏறினார்கள். தனம் கண்ணாடியை இறக்கிக் கையாட்டினார்.

நான் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஆயிஷா கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்திருந்தாள். சத்தமே இல்லை. அவளிடம் சத்தம் இல்லாமல் போனால் ஏதோ சரியில்லை.

"அக்கா, இங்க வாங்க."

திரை முழுக்கத் தனத்தின் நெற்றி. குங்குமத் தூள் மணல் மணலாகத் தெரிந்தது. புருவத்தில் ஒரு நரைமுடி. ஆயிஷா படத்தை மெல்ல மேலே தள்ளினாள், கண்கள் வந்தன. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல இருந்தன.

"அடுத்தது காட்டு."

அதுவும் அப்படித்தான். இருபத்தெட்டும் அப்படித்தான். ஆயிஷா என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான், கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸை முழுக்கத் திறந்தால் தெளிவாக விழும் இடம் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. தாடையை இறக்கச் சொன்னதில் நெற்றி முன்னால் வந்தது, கண் பின்னால் போனது. நான் என் பொட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், கண் அந்த விரல் அகலத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. மெஷினுக்கு நகை ஆசை என்று கேலி செய்தவள் நான்.

குணா தம்பி வந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கடையை நடத்துகிறவர், அவ்வளவுதான்.

"அக்கா, விடுங்க. கண்ண மட்டும் ஷார்ப் பண்றதுக்கு இப்ப சாஃப்ட்வேர் இருக்கு. ஆயிஷா, போடு."

ஆயிஷா போட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்கள் தெளிந்தன. இமை மயிர் ஒவ்வொன்றாக வந்தது. கருவிழி பளபளத்தது. தம்பி, "பாத்தீங்களா" என்றார்.

நான் இடது கண்ணைத் தேடினேன். வெள்ளையில் அந்தப் பழுப்புப் புள்ளி இல்லை. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது போலிருக்கிறது.

"இது யாரோட கண்ணு தம்பி?"

"அக்கா, அவங்களுக்குத் தெரியப்போறதில்ல. மாட்டுனதும் அழகா இருக்குன்னு சந்தோஷப்படுவாங்க. இப்பப் போய் போன் பண்ணி, ஆப்பரேஷனுக்குப் போறவங்களப் போட்டுக் கலக்கணுமா? நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். சொன்னால் தனத்தின் மனது உடையலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, என் பேரும் கெடாது. என் பேர் கெடாது என்பது அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன். அங்கேதான் எனக்கு விளங்கிற்று. தனத்துக்காகச் சொல்லாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, எனக்காகச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன்.

நாளைக்குக் காலை அந்த முகம் போய்விடும். இன்றைக்கு மதியம்தான் மிச்சம்.

போனை நானே போட்டேன். கவிதா எடுத்தாள்.

"நான் ஸ்டூடியோவுலேர்ந்து பேசறேம்மா. தப்பு பண்ணிட்டேன். அம்மா கண்ணு எந்தப் படத்துலயும் தெளிவா விழல."

ரோட்டுச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் ஏறியது.

"ஆண்ட்டி, சிம்பாங் ரெங்கம் தாண்டி ஹைவே ஏறிட்டோம். எப்படித் திரும்புறது? ஒரு படத்துக்காகத்தான் இன்னைக்குக் காலையிலேர்ந்து இவங்க சாப்புடாம அலங்காரம் பண்ணிகிட்டு வந்தாங்க. நாப்பது வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு சொன்னீங்க இல்ல?"

"சொன்னேன்."

"இப்ப என்னா செய்யச் சொல்றீங்க?"

அதற்குள் போன் கை மாறியது. தனத்தின் குழறல். "அக்கா, நீங்க வாங்க ஆஸ்பத்திரிக்கு. நான் எங்க ஓடிப்போவப் போறேன்? கட்டில்லதான் படுத்திருப்பேன்."

ஆயிஷா கார் சாவியை எடுத்துவிட்டிருந்தாள்.

ஒன்றே கால் மணி நேர வழி. அன்றைக்கு மழையில் இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு வார்டு தேடி, பாஸ் வாங்கி, பார்வையாளரை விடும் நேரம் வரைக்கும் காத்திருந்து உள்ளே போகும்போது மணி நாலரை தாண்டிவிட்டது. கவிதா வாசலில் நின்றாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அஞ்சு மணிக்கு டாக்டர் வந்து மூஞ்சில பேனாவுல கோடு போடுவாரு, வெட்ற எடத்துக்கு. அதுக்கப்புறம் எடுக்க முடியாது."

மலாய்க்கார நர்ஸ் கேமராவைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். என் மலாய் சந்தை மலாய்தான், ஆனால் அவள் கட்டிலில் இருந்த தனத்தைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"லிமா மினிட் சஜா, மக்சிக்." ஐந்து நிமிஷம்தான் அம்மா, என்றாள். ஃபிளாஷ் கூடாது, கட்டிலுக்கு இடையில் ட்ரைபாட் கூடாது.

தனம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் பார்த்தேன். முகத்தைக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். மூக்குத்தி இல்லை, தோடு இல்லை, தாலியை மகளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டார். நெற்றியில் பொட்டு இல்லை.

பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பக்கத்து ஜன்னலிலிருந்து மழை வெளிச்சம் மட்டும். கேமராவைக் கையில் தூக்கினேன். கனம். வளையத்தைத் திருப்பினேன், கண் தெளிவது போல வந்தது, தனம் மூச்சு விட்டார், போய்விட்டது. மறுபடி திருப்பினேன். அசைவது நானா, அவரா என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று.

"ஆயிஷா, ஆட்டோவுல போட்டுக் குடு."

அவள் கேலி செய்யவில்லை. போட்டுக் கொடுத்தாள். சின்னக் கட்டம் ஒன்று வந்து இடது கண்ணைப் பிடித்தது, வலது கண்ணுக்குத் தாவியது, அங்கிருந்து நெற்றியில் விழுந்திருந்த முடிக்குப் போயிற்று. வெளிச்சம் பற்றாமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடியது. இரண்டு படம் எடுத்தேன். ஆயிஷா பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இல்ல." அடுத்தது. "இல்லக்கா, முடி."

"மூணு நிமிஷம் ஆயிருச்சி" என்றாள் கவிதா.

தனம் என்னைப் பார்த்தார். "என்னாக்கா, என் கண்ணு ஒங்களுக்கும் தெரியல, மெஷினுக்கும் தெரியலயா?"

அப்போதுதான் நான் கேமராவை இறக்கி அவரைப் பார்த்தேன். காலையில் அவர் பொட்டைப் பார்த்தேன், இப்போது கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பார்க்கவில்லை. பார்த்ததும் தெரிந்தது, அவர் ஒரே மாதிரித்தான் அசைகிறார். மூச்சு இழுத்தால் பின்னால் போகிறார், விட்டால் முன்னால் வருகிறார். விட்டு முடித்ததும் ஒரு கணம் நிற்கிறார்.

கட்டம் இடது கண்ணில் வந்து நின்ற நேரம் பார்த்து ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஃபோகஸ் அந்தத் தூரத்திலேயே நின்றது. இனி வளையத்தையும் தொடுவதில்லை, மெஷினையும் கேட்பதில்லை. நான்தான் நகர வேண்டும். ஆயிஷா என் முதுகுக்குப் பின்னால் வந்து இரண்டு கையாலும் என் முழங்கையைத் தாங்கினாள். தனம் மூச்சு விட விட நானும் ஒரு நூல் பின்னால் சாய்ந்தேன். அந்தப் பழுப்புப் புள்ளியைத் தேடினேன். தெரிந்தது. அழுத்தினேன். மறுபடி மூச்சு, மறுபடி புள்ளி, மறுபடி அழுத்தினேன். ஒன்பது படம்.

வாசலில் டாக்டரின் சத்தம் கேட்டது. நர்ஸ் கையைத் தட்டினாள்.

ஆயிஷா ஜன்னல் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இல்ல. இல்ல. இமை. இல்ல." நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல. கிட்டத்துல வந்துருச்சி, இல்ல." பிறகு கேமராவை என்னிடம் நீட்டினாள். கண் இருந்தது. ஜன்னல் அதில் தெரிந்தது, புள்ளி தெரிந்தது. வீக்கமும் தெரிந்தது, மறைக்க நேரமில்லை. தனத்திடம் காட்டினேன். இந்த முறை அவர் திரும்பிக்கொள்ளவில்லை. டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கையும் தப்பும், மெஷினும் தப்பும். மெஷின் தப்பினால் அதை யாராவது சொல்லிவிடுவார்கள். உங்கள் கை தப்பினால் சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், அந்த ஆளின் ஒயரை நீங்கள் பிடுங்கியிருக்கக் கூடாது. ஃபோகஸ் உட்கார்ந்துவிட்டது என்று நீங்கள் ரொம்ப உறுதியாக இருக்கும் நேரத்தில்தான் ஒரு தரம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தப்பு என்று தெரிந்தால், எதிரில் உட்கார்ந்தவரின் முகம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்வது மன்னிப்புக் கேட்பது மட்டும்தான். அப்போதே சொன்னால் இன்னொரு படம் எடுக்கலாம்.

நாலு மாதம் கழித்துத் தனம் படத்தை வாங்க வந்தார். கவிதா காரை நிறுத்தப் போயிருந்தாள். முகக்கவசம் போட்டிருந்தார், கன்னம் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது கவசத்துக்கு மேலேயே தெரிந்தது. பேச்சு இன்னும் திரும்பவில்லை. கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். அதில் எதையோ எழுதி என் பக்கம் நீட்டினார்.

ஆயிஷா படித்துச் சொல்லக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். ரொம்ப நேரம் ஆயிற்று. தனம் அவசரப்படுத்தவில்லை. எழுதியிருந்தது இதுதான்: சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னீங்க?

"இன்னிக்குத் தெரியாது" என்றேன். "ஆனா படம் ஒங்க ரூம்புல இருக்கும். ஒரு நாள் கதவ சாத்திகிட்டு ரொம்பக் கிட்டத்துல போயிப் பாப்பீங்க. அன்னிக்கு அங்க நீங்க இருக்கணும்ல."

தனம் நோட்டுப் புத்தகத்தை வாங்கி மூடினார். மேசையில் சாய்த்து வைத்திருந்த படத்துக்கு முன்னால் போனார். ஆள் முகம் எவ்வளவோ அவ்வளவு. கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கவசத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மூச்சு படிகிற தூரத்துக்குப் போய் நின்றார். ஆயிஷா கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.